பாவாயிக்காக நின்ற தறிகள்

பாவாயி செத்துவிட்டாள் என்று வீதியில் தறி நின்றது. தறி நின்றதும் பாவாயி எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாள். இதுதான் நடந்தது. ஏன், எப்படி என்று கேட்கிறவர்கள் இங்கேயே மூடி வைத்துவிட்டுப் போகலாம். எனக்குத் தெரியாது. வீதியில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எங்களுக்குப் பொழுதும் இருக்கவில்லை.

எங்கள் தொட்டிக்காட்டு வீதியில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. முன்பக்கம் அடுப்பு, பின்பக்கம் தறி. சிலருக்கு இரண்டு, சிலருக்கு நாலு, மாதேஸ்வரனுக்கு ஒரு கூடம் நிறைய. பிள்ளை பெறுவதும் பேர் வைப்பதும் சண்டை போடுவதும் சமாதானம் ஆவதும் சாமி கும்பிடுவதும் அந்தச் சத்தத்துக்குள்ளேதான். சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பேசி வெளியூர்க்காரன் காதுக்கு நாங்கள் எல்லோரும் எப்போதும் கோபமாய் இருப்பதுபோலத் தெரியும். கரண்ட் போனால் சத்தம் நிற்கும். நின்ற நொடியில் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் வீறிட்டு எழும். அதை விட்டால், நாங்களாக நிறுத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். வீதியில் சாவு விழுந்தால் பிணம் வீதியைத் தாண்டுகிற வரைக்கும் தறி ஓடக்கூடாது. பங்காளியா பகையாளியா என்று பார்ப்பதில்லை. ஒப்பாரி காதில் விழுந்தால் கிட்டத்தில் நிற்பவன் மெயின் சுவிட்சை இறக்குவான். முதலில் சுவிட்ச், அப்புறம்தான் கேள்வி.

அந்தப் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லலாம்.

பாவாயி அர்த்தனாரியின் பெண்டாட்டி. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர். நாற்பது வயசுக்காரி, பிள்ளை இல்லை, நாலு தறியை ஒற்றையாளாய்ப் பார்ப்பாள், அறுந்த இழையை முடிந்துகொண்டே பக்கத்து வீட்டுச் சண்டையில் நியாயம் சொல்வாள். இருதயம் பழுது என்று ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், அர்த்தனாரிக்கு மட்டும் தெரியாது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அக்கா வேலாயி, எதையும் முந்திச் செய்கிறவள், பாவாயியின் கண் மேலே செருகியதைப் பார்த்து, "போயிட்டாளே எந்தங்கம்" என்று வாசலுக்கு வந்து மாரில் அடித்துக்கொண்டாள். பாவாயி அப்போது போகவில்லை. வேலாயி அவசரப்பட்டுவிட்டாள். சுவிட்சுகள் அவளைவிட அவசரப்பட்டன. வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தறிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அடங்கின, கடைசியில் மாதேஸ்வரன் கூடமும் அடங்கியது.

"என்னத்துக்கு அளுவறீங்க நங்கையா? டீ இருந்தாக் குடுங்க" என்றாள் பாவாயி நாத்தனாரைப் பார்த்து.

வந்த கூட்டம் வாசலில் நின்றது. மாலை வாங்கப் போனவனைத் திருப்பிக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள். மாதேஸ்வரன் உள்ளே எட்டிப் பார்த்து, அவள் டம்ளரை ஊதி ஊதிக் குடிப்பதைக் கண்டு, "நல்லதாப் போச்சு, தறியப் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். போட்டார்கள். டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. மறுபடி வேலாயி அலற, மறுபடி தறி நிற்க, மறுபடி அவள் எழுந்து, "டீ கொட்டிப்போச்சு" என்றாள்.

மூன்றாவது தடவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாங்கள் அவ்வளவு மடையர்கள் இல்லை.

அதற்குப் பெயர் வைத்தவன் பிட்டர் குப்பண்ணன். வீதியில் தறி பழுதானால் அவன்தான் பார்ப்பான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை, ரன்னிங். தறி ரன்னிங், மினி பஸ் ரன்னிங், குழாயில் தண்ணி ரன்னிங், தியேட்டரில் படம் ரன்னிங், மச்சினனுக்கு மூக்கு ரன்னிங், மகளுக்குப் படிப்பு ரன்னிங், பெண்டாட்டியோடு சண்டையும் ரன்னிங். உலகத்தில் நடக்கிற அத்தனைக்கும் அவன் அந்த ஒரு ஸ்பேனரைத்தான் போடுவான். அதற்குத் திருகாத எதையும் நான் பார்த்ததில்லை.

"இது சும்மா சாதாரண சமாச்சாரந்தானுங்க" என்றான். "இந்த வீதிக்குன்னு ஒரே ரன்னிங்குதான் இருக்குது. அது தறிக்குப் போனா ஒடம்புக்கு இல்ல. ஒடம்புக்கு வந்தா தறிக்கு இல்ல."

"டாக்டரு அப்படிச் சொல்லலியேடா?" என்றேன்.

"டாக்டரு வீட்ல தறி இருக்குதுங்களா?"

இதைவிட நல்ல விளக்கம் வேறு யாரிடமும் இல்லாததால் எல்லோரும் இதையே வைத்துக்கொண்டார்கள்.

முதல் சில நாள் வீதி தாராளமாய்த்தான் இருந்தது. சாவுக்கு நிறுத்துகிற தறியை உயிருக்கு நிறுத்தினால் என்ன என்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் அடுப்பு கேட்டது. பாதித் தறி ஓடினால் அவள் எழுந்து நடக்கிறாள், அதற்கு மேலே போனால் படுக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, குழாய்த் தண்ணிக்கு முறை வைப்பதுபோலத் தறிக்கும் முறை வைத்தோம்: காலையில் கிழக்குச் சாரி ஓட்டும், மத்தியானத்துக்கு மேல் மேற்குச் சாரி ஓட்டும். இந்தப் பக்கம் அடங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கம் போட்டுவிடக்கூடாது. அந்த நேரத்துக்கு அர்த்தனாரி வீதி நடுவில் வந்து நிற்பான். கிழக்கே பார்ப்பான், மேற்கே பார்ப்பான், கையெடுத்துக் கும்பிட்டபடியே நிற்பான். முதல் நாள் எல்லோருக்கும் கண் கலங்கியது. போகப் போக அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்கவே ஆகவில்லை. அவன் வருகிறான் என்றால் ஆட்கள் கதவுக்குப் பின்னால் போனார்கள்.

அப்புறம்தான் தறியோடு விஷயம் முடியவில்லை என்பது புரிந்தது. மினி பஸ் வீதி முக்கில் இன்ஜினை அணைக்காமல் நின்றால் பாவாயிக்கு மூச்சு வாங்கியது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தால் திண்டாடினாள். பிள்ளைகளை நடக்கச் சொன்னோம். புத்தகப் பையோடு சாமி ஊர்வலம்போல ஒருத்தர் பின்னால் ஒருத்தராய் வந்தார்கள். பால்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். சித்திரை வெயிலில் மின்விசிறியை அணைத்துவிட்டு ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தோம். தியேட்டரில் புதுப் படம் ஊற்றிக்கொண்ட வாரம் அவள் முகத்தில் மஞ்சள் பூசியதுபோல் ஒரு களை வந்தது, அடுத்த வாரம் வந்த படம் பிய்த்துக்கொண்டு ஓட, அவள் நாலு நாள் எழவில்லை. வீதியே போய்த் தியேட்டர் வாசலில் நின்று, படம் குப்பை, போகாதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொன்னது. மாதேஸ்வரனுக்கு வயிறு ஓடியபோது அவன் வீட்டு முன்னால் பொம்பளைகள் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, உங்களுக்கு வாயக் கட்டத் தெரியாதுங்களா? அங்க ஒருத்தி உசுரக் கையில புடிச்சுட்டுக் கெடக்கறா, இங்க நீங்க ஓடிட்டே இருக்கறீங்க!"

"நானென்ன வேணும்னா போறேன்?" என்று கக்கூஸுக்குள்ளிருந்து குரல் வந்தது.

லாரிக்காரனோடு ஓடிப்போக இருந்த ஒரு பெண் பாவாயியை நினைத்துத் தள்ளிப்போட்டாளாம். பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி கொடியில் போட்டிருக்கிறாள். அவள் அம்மா பாவாயிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள், எதற்கென்று சொல்லாமலே.

சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வதந்தி ஓடினாலும் அவளுக்கு ஆகாது என்று யாரோ சொல்லிவிட, வீதியில் பேச்சே குறைந்துவிட்டது. பேசாத வீதியில் ஆளுக்கு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்: யார் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, யார் முறை தவறி ஒரு தறியைத் தட்டுகிறார்கள், பாவாயி இருமுகிறாளா, எத்தனை தடவை இருமினாள், அந்த நேரத்தில் இன்னார் வீட்டு மோட்டார் ஓடியதா இல்லையா. ஒருத்தன் கைக்குழந்தையோடு வேகமாய் நடந்தால் இன்னொருத்தன் முறைத்தான். அவரவர் வீட்டுச் சட்டி காய்ந்துகொண்டே வர, அவரவர் மனசில் ஒரு நினைப்பு வந்தது, அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமும்போதெல்லாம் வந்தது.

அர்த்தனாரி தன் தறிகளின் பெல்ட்டையெல்லாம் கழற்றிக் கிணற்றில் போட்டுவிட்டான். அவன் வேலையெல்லாம் ஒன்றுதான், அவள் மணிக்கட்டு. அவள் சமைத்தால் பக்கத்தில் நின்றான். குளித்தால் கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தான். பதில் வரச் சற்று நேரமானால் கதவைத் தட்டினான்.

அவளுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறாளா என்றுதான் கேட்டோம்.

அவளுக்குத் தூக்கம் இல்லை. தறிக்காரன் வீட்டில் பிறந்தவள். அவள் அம்மா தறி ஓடும் இடத்தில் தொட்டில் கட்டி, அந்த அதிர்விலேயே தொட்டில் ஆடும்படி விட்டுத்தான் அவளை வளர்த்தாளாம். பக்கத்தில் நாலு தறி முழங்கினால்தான் அவளுக்குக் கண் மூடும். பாதி வீதி தூரத்தில் ஓடுகிற சத்தம் அவளுக்குப் போதவில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், அமைதி அவளைத் தட்டி எழுப்பிவிடும். வாரக்கணக்கில் அப்படி. கண் இரண்டும் பழுத்த மிளகாய்போல் ஆகிவிட்டன. தலைவலி மாத்திரை, பாலில் ஜாதிக்காய், உச்சந்தலையில் விளக்கெண்ணெய், எதற்கும் அசையவில்லை. குப்பண்ணன் செல்போனில் தறிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்து காதில் வைத்தான். "பெட்டிக்குள்ள கொசு கத்தறாட்டம் இருக்குது" என்றாள்.

ஒரு மத்தியானம் சுவர் வழியாய்க் கேட்டது.

"மாமா, கண்ணெல்லாம் எரியுது."

"தண்ணி தொட்டு ஒத்திக்க."

"தறியப் போடச் சொல்லுங்க."

அவன் டம்ளரில் தண்ணி ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"நான் தூங்கோணும் மாமா."

"தூங்குனா நீ எந்திரிக்க மாட்ட புள்ள."

"எந்திரிக்கோணும்னு நான் எப்பக் கேட்டேன்? ஒரு வீதிச் சோத்த எம்மூக்குல இழுத்துட்டு உக்காந்திருக்கறேன். அது போவட்டும், அதக்கூடப் பொறுத்துக்குவேன். இந்தக் கண்ண மூட முடியலியே. உங்களுக்கு நான் இருக்கோணும். நான் எப்படி இருக்கறேன்னு ஒரு நாளு கேட்டீங்களா?"

அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போகிற சத்தம் கேட்டது. அவன் அழுதிருக்கலாம். எனக்கெதற்கு.

சாயங்காலம் அவனே மாதேஸ்வரன் கூடத்துக்குப் போனான். நானும் பின்னால் போனேன். அவன் சொல்லி முடிப்பதற்குள் மாதேஸ்வரன் கையை ஆட்டினான்.

"ஓட்டறதப் பத்தி ஒண்ணுமில்ல. அப்புறம் நிறுத்தோணுமே? அவ போயிட்டான்னா வீதி தறிய நிறுத்தோணும். நிறுத்துனா எந்திரிச்சுக்குவா. எந்திரிச்சா மறுபடியும் ஓட்டோணும். இது எங்க போயி முடியும்?"

அதுவரை இதை யாரும் யோசிக்கவில்லை.

"நிறுத்த வேண்டாம்" என்றான் அர்த்தனாரி.

"எது?"

"எடுக்கற வரைக்கும் ஓடட்டும். எரிக்கற வரைக்கும் ஓடட்டும்."

"பொணம் போறப்பத் தறி ஓட்டறதா? பைத்தியமாடா உனக்கு? நாய் செத்தாக்கூட ஒரு சுத்து நிறுத்தறவங்கடா நாம. நாளைக்கு எவன் இந்த வீதியில பொண்ணு குடுப்பான், எவன் எடுப்பான்?"

"எம்பொண்டாட்டிக்கு நாந்தானே மாமா சொல்லோணும்" என்று அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க."

எனக்கு இந்தப் பஞ்சாயத்தெல்லாம் பிடிக்காது. "அவளுக்கு மரியாதை வேணுமா தூக்கம் வேணுமா?" என்றேன். "அவ தூக்கந்தான் கேக்கறா. குடுத்துத் தொலைங்க."

மறுநாள் விடிந்ததும் பாவாயி தலைக்குக் குளித்தாள். கிணற்றில் முங்கி பெல்ட்டுகளை எடுத்தார்கள், குப்பண்ணன் அவற்றைத் துடைத்து மாட்டினான். தன் நாலு தறிக்கு நடுவில் பாயை விரித்து அவளே படுத்துக்கொண்டாள். ஒரு தறி சும்மா நின்றாலும் அது அவளை எழுப்பிவிடும் என்று வீதிக்குப் பயம். மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவை, சக்கரம் உடைந்தவை, கோழி அடைகாத்துக்கொண்டிருந்தவை எல்லாவற்றையும் குப்பண்ணன் ராவெல்லாம் அலைந்து சரி பண்ணியிருந்தான். வீதி தோன்றிய நாளிலிருந்து அத்தனை தறியும் ஒரே சமயத்தில் ஓடியதில்லை. அன்றைக்கு ஓடின. ஆண், பெண், கல்யாணமானது, ஆகாதது, தறிக்கு ஒரு ஆளாய் நின்று, இழை அறுந்தால் முடிந்து, மறுபடி தட்டிவிட்டார்கள். ஓட்டில் இருந்த தூசி பொலபொலவென்று கொட்டியது. பாவாயி ஒருக்களித்துப் படுத்தாள், கன்னத்துக்குக் கீழே கையை வைத்தாள், கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான். அவள் கொட்டாவி விட்டதைப் பார்த்து அர்த்தனாரி சிரித்தான். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான், பொழுது உச்சிக்கு வரும்வரை, அதில் ஒன்றும் இல்லை என்று ஒத்துக்கொள்ளும்வரை.

வேலாயி அழவில்லை. முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவள் அழுதால் எவனாவது பழக்கதோஷத்தில் சுவிட்சை இறக்கிவிடுவானே. வாயில் துணியோடு கூடம் கூடமாய்ப் போய், ஒவ்வொரு மெயின் சுவிட்சுக்கும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

பாடை தூக்க ஆள் இல்லை. தறியை விட்டு யாரும் வர முடியாது. தறியில் நிற்கத் தெம்பில்லாத நாலு கிழவர்கள் தூக்கினோம். அர்த்தனாரி நெருப்புச் சட்டியோடு முன்னால். சங்கு இல்லை, மேளம் இல்லை, இருந்தாலும் கேட்காது. இரண்டு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன. உள்ளே நின்றவர்கள் தறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் அழுதார்கள், கண்ணீர் பாவு நூலில் விழுந்தது. அப்படி ஒரு சாவு ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. வீதி முழுக்க ஒரே முழக்கமாய் அவளைத் தாலாட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

முச்சந்திக்கு வந்திருப்போம். டமார் என்று ஒரு சத்தம். அத்தனை தறியின் பாரம் தாங்காமல் டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போய்விட்டது.

அமைதி.

பிணத்தின் கனம் வேறு, ஆளின் கனம் வேறு. தூக்கியவனுக்குத் தெரியும். என் தோளில் கனம் மாறியது. மாலைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து பாடைக் கழியைத் தடவியது. அர்த்தனாரி திரும்பினான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எறக்குங்க மாமா! கீள எறக்குங்க!"

நாங்கள் இறக்கவில்லை. தூக்கிக்கொண்டு போகவும் கால் வரவில்லை. வீதியில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

"ஏனுங்க" என்றாள் பாவாயி. பாதித் தூக்கத்தில் எழுந்தவளின் குரல், கரகரவென்று. "இப்பத்தான் கண்ணசந்தேன். கரண்டு போயிருச்சுங்களா?"

அர்த்தனாரி சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். புகை அவன் கண்ணுக்கு நேரே போனது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாங்கள் இறக்கியிருப்போம், அவள் எழுந்திருப்பாள், நாளைக்கும் முறை வைத்துத் தறி ஓட்டியிருப்போம்.

"ஆமா புள்ள" என்றான். "இப்ப வந்துரும். நீ தூங்கு."

சொல்லிவிட்டு ஓடினான். சட்டியிலிருந்து கங்கு தெறிக்கத் தெறிக்க, வேட்டி அவிழ அவிழ, சுடுகாட்டுப் பாதையில் ஓடினான். அவன் பின்னால் நாங்கள் ஓடினோம், மூட்டு வலிக்காரனும் ஆஸ்துமாக்காரனும் ஒற்றைக் கண்ணனும் நானும். எங்கள் பின்னால் தறிக்காரர்கள் பஞ்சு ஒட்டிய தலையோடு ஓடினார்கள். முச்சந்தியோடு திரும்ப வேண்டிய பொம்பளைகள் திரும்பாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். மாதேஸ்வரன் தொந்தியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். நடக்கச் சொல்லி வைத்திருந்த பிள்ளைகள், அவிழ்த்துவிட்ட கன்றுகளைப்போல் எல்லோரையும் தாண்டி ஓடினார்கள். வேலாயி வாயிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓடிக்கொண்டே, அன்றைக்கு அழ வேண்டியதையெல்லாம் அழுதாள். குப்பண்ணன் ஒருத்தன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான், டிரான்ஸ்பார்மருக்கு.

பாலம் தாண்டும்போது அந்தக் கை உள்ளே போயிற்று. சுடுகாட்டுக்குள் நுழைந்தபோது தோளில் பழைய கனம் இறங்கியது. சிதை மேல் வைத்தோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அர்த்தனாரி மட்டும் உட்காரவில்லை. நின்றால் அவள் எழுந்துவிடுவாளோ என்று சிதையைச் சுற்றிச் சுற்றி ஓடினான், நாக்கு வெளியே தள்ள, கால் பின்ன, விழுந்து எழுந்து, மறுபடி ஓடினான். பிடிக்கப் போனவனைத் தடுத்தேன்.

அப்புறம் ஊர்ப்பக்கமிருந்து காற்றில் வந்தது. ஒரு தறி. அப்புறம் இரண்டு. அப்புறம் எல்லாம்.

அர்த்தனாரி நின்றான். மூச்சு வாங்க என்னிடம் வந்தான்.

"தூங்கிட்டாளா பாருங்க மாமா. எனக்குப் பயமா இருக்குது."

போய்ப் பார்த்தேன். கன்னத்தைத் தொட்டேன்.

"அசந்து தூங்கறா" என்றேன். "சத்தம் போடாமக் கொள்ளிய வெய்யி."